பாங்கோனில் விழுந்த இரண்டு ஓட்டு

போன மாதம் எங்கள் ஆற்றுக்குப் பாலம் திறந்தார்கள். ஐஸ்வாலிலிருந்து மந்திரி வந்தார். பள்ளிப் பிள்ளைகள் பாடினார்கள். ஊர் முழுவதற்கும் பன்றிக்கறியும் சோறும் போட்டார்கள். பாலத்தின் முகப்பில் பதித்த கல்லில் ஸதிங்காவின் பெயர் இருக்கிறது. இருக்கட்டும், அவர் எம்.எல்.ஏ.வாக இருந்த இரண்டாம் தவணையில்தான் வேலை முடிந்தது. அந்த மனிதரை நான் குறை சொல்லப் போவதில்லை. ஆனால் எங்கள் பாங்கோன் ஊர்க்காரர்கள் வயிறு முட்டத் தின்றுவிட்டு அந்தக் கல்லோடு நின்று படம் பிடித்துக்கொண்டபோது எனக்கு வயிறு எரிந்தது. இந்தப் பாலத்துக்காகத் தன் பிழைப்பையே தூக்கிப் போட்ட ஒருவர் இந்த ஊரில் இருந்தார். பூ சைகுங்கா. எங்கள் பேச்சில் பூ என்றால் ஐயா, பி என்றால் அம்மா. அவரும் அவர் மனைவி பி ரோதுவாமியும் மேட்டுக் கல்லறைத் தோட்டத்தில் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கிறார்கள். அன்றைக்கு மேடையில் அவர்களைப் பற்றி ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. அதனால் நான் திறக்கிறேன்.

நான் இங்கே சின்னதாகக் கடை வைத்திருக்கிறேன். பாக்கு, உப்பு, மண்ணெண்ணெய், பிள்ளைகளுக்கு மிட்டாய். எல்லாரும் என்னை ரினா அம்மா என்பார்கள். என் மகன் ரினா போய் எத்தனையோ வருஷம் ஆகியும் அந்தப் பெயர் மாறவில்லை. எங்களிடம் அப்படித்தான், ஒரு பிள்ளையைப் பெற்றுவிட்டால் சாகிறவரைக்கும் அந்தப் பிள்ளையின் அம்மா. என் புருஷன் ரங்கிமா சபையில் மூப்பர், ஊருக்கு அவர் ரினா அப்பா.

சைகுங்காவுக்கும் ரோதுவாமிக்கும் பிள்ளை இல்லை. அதனால் அவரை எப்படிக் கூப்பிடுவது என்று ரோதுவாமிக்கு வெகு நாள் குழப்பம். கடைசியில் ஊர் கூப்பிடுவது போலவே "பாஸ்டர்" என்று கூப்பிட்டாள். அடுப்படியிலும் பாஸ்டர், சந்தையிலும் பாஸ்டர், திட்டும்போதும் பாஸ்டர். "பாஸ்டர், உங்க கால்ல இருக்கிற சேறு பூராவும் என் வீட்டுக்குள்ளதான் வரணுமா?" என்று அவள் கத்துவது என் கடைக்குக் கேட்கும்.

எங்கள் பிரெஸ்பிட்டேரியன் சபையில் போதகராக அபிஷேகம் பெற்ற கையோடு அவர் பட்டாளத்துக்குப் போனார். அங்கே எங்கள் பையன்கள் நிறையப் பேர் இருந்தார்கள். அவர்களுக்கு ஆராதனை நடத்தவும், ஊர் நினைப்பு வந்து உட்கார்ந்திருப்பவனோடு கூட உட்காரவும், செத்தவனைப் புதைக்கவும் ஒரு போதகர் வேண்டும். சிப்பாய்கள் அவரைப் பாதிரி சாப் என்பார்களாம். துப்பாக்கி கிடையாது. "எனக்குக் கொடுத்த ஆயுதம் ஒரு கெட்டில்தான்" என்று சிரிப்பார். பனிமலைக் காவலில் விறைத்துப்போன பையன்களுக்கு அந்தக் கெட்டிலில் தேநீர் கொண்டுபோய் ஊற்றுவாராம். விடுமுறைக்கு வந்தால் மூட்டையை இறக்கிய உடனே, பட்டாளத்தில் பிள்ளை இருக்கிற வீடுகளுக்கெல்லாம் போய் உட்காருவார். "உங்க பையன் நல்லா குண்டாயிட்டான்" என்று எல்லா அம்மாக்களிடமும் அதே வார்த்தையைச் சொல்வார். பொய் என்று எங்களுக்கும் தெரியும். ஆனாலும் எங்கள் வீட்டுக்கு எப்போது வருவார் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருப்போம்.

ஒரு மழைக்காலத்தில் விடுமுறை இல்லாமல் வந்தார். பட்டாளத்தில் இருந்த என் ரினாவைப் பெட்டியில் கொண்டுவந்தார். பனி சரிந்து புதைத்துவிட்டதாம். விமானத்திலும் லாரியிலுமாக ஆற்றங்கரை வரைக்கும் பெட்டியோடு வந்துவிட்டார். அங்கே ஆறு நிறைந்து ஓடியது. மழைக்காலத்தில் எங்கள் ஊர் உலகத்திலிருந்து அறுந்துவிடும். மூங்கில் தெப்பம் கூட விட முடியாது. அந்தக் கரையில் என் பிள்ளை, இந்தக் கரையில் நான்.

இரண்டு நாள் அப்படிக் கிடந்தோம். சாவு வீட்டில் ஊரே கூடிப் பாடுவதுதானே எங்கள் வழக்கம். பெட்டி வீட்டுக்கு வராததால் ஊரே கரைக்கு வந்துவிட்டது. முரசைக் கொண்டுவந்து ரங்கிமாதான் அடித்தார். தன் மகனுக்குத் தானே முரசடித்த தகப்பனை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. எதிர்க்கரையில் தார்ப்பாய்க்குக் கீழே பெட்டி. அதன் பக்கத்தில் மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு சைகுங்கா. கூட வந்த சிப்பாய்கள் மாறி மாறித் தூங்கப் போனார்கள், அவர் போகவில்லை. எங்கள் முரசைக் கேட்டு அவரும் அங்கேயே பாடினார். ஆற்றின் இரைச்சலில் அவர் குரல் எங்களுக்குக் கேட்கவில்லை. வாய் அசைவது மட்டும் தெரிந்தது. நாங்கள் பாடும் வரிக்குச் சரியாக அசைந்தது.

தண்ணீர் வடிந்து தெப்பத்தில் பெட்டி இந்தப் பக்கம் வந்ததும் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ரினா அம்மா, அவனைத் தனியா விடல" என்றார். அவ்வளவுதான் சொன்னார். எனக்கு அது போதுமாக இருந்தது. ரங்கிமா அன்றைக்கே என்னிடம், "என்னையும் இவர் கையாலதான் அடக்கம் பண்ணணும்" என்றார். இந்தப் பேச்சை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வந்த வினையெல்லாம் இதிலிருந்து வந்ததுதான்.

பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றதும் சபை அவரை எங்கள் பக்கத்து ஊர்களுக்கே போதகராகப் போட்டது. நல்ல பிரசங்கி என்று சொல்ல மாட்டேன். பாதியில் நிறுத்திவிட்டு ஜன்னலைப் பார்ப்பார். ஆனால் நோய் என்றால் முதலில் வந்து நிற்பார். மழைக்காலத்தில் பிரசவ வலி வந்த பெண்ணை வாலிபர்கள் டோலி கட்டி ஆற்றங்கரைக்குத் தூக்கிக்கொண்டு போவார்கள். தண்ணீர் வழிவிட்டால் அக்கரை, இல்லாவிட்டால் திரும்பி வீடு. டோலியின் ஒரு முனை எப்போதும் சைகுங்காவின் தோளில் இருக்கும். ஒரு வருஷத்திலேயே ஒரு தாயையும் இரண்டு குழந்தைகளையும் அந்தக் கரையிலிருந்து திருப்பித் தூக்கி வந்து அடக்கம் பண்ணினார். பாலம் கேட்டு யார் யாரையோ போய்ப் பார்த்தார். பார்க்கலாம் என்றார்கள். பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

அப்புறம்தான் ஒருநாள் சாயங்காலம் என் கடைக்கு ரோதுவாமி வந்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"எங்க பாஸ்டருக்குப் புத்தி பெரண்டு போச்சு, ரினா அம்மா. எலக்சன்ல நிக்கப் போறாராம்."

எங்கள் சபையில் போதகராக இருப்பவர் அரசியலுக்குப் போகக்கூடாது. போக வேண்டுமென்றால் முதலில் ஊழியத்தை விட வேண்டும். கழுத்தில் இருக்கிற வெள்ளைக் காலரைக் கழற்ற வேண்டும். அந்தக் காலருக்கு ரோதுவாமி சனிக்கிழமை தோறும் வடித்த கஞ்சி போட்டு விறைப்பாக்கி வைப்பாள். அவர் பட்டாளத்தில் இருந்த காலமெல்லாம் இங்கே தனியாகக் கிடந்து இதற்காகக் காத்திருந்தவள். ஊரோடு ஒரு வீட்டில், ஞாயிற்றுக்கிழமை புருஷனைப் பிரசங்க மேடையில் பார்க்கும் வாழ்க்கை. அதை அவர் ஆற்றில் போடப் பார்க்கிறார் என்று அவளுக்குக் கோபம். எனக்கு அவள் கோபமும் புரிந்தது, அவர் கிளம்பியதும் புரிந்தது. என் பிள்ளை கிடந்த கரை அது.

"தோத்துட்டா திரும்பி எடுத்துக்குவாங்களா?" என்று கேட்டேன்.

"எடுத்துக்க மாட்டாங்க. நான் கேட்டுட்டேன். கழட்டினா கழட்டினதுதான். இதை வெளியில சொல்லாதேன்னு எங்கிட்ட சத்தியம் வேற வாங்கியிருக்காரு. சொன்னா, பாவம்னு ஓட்டுப் போட்டுடுவாங்களாம், அது பிச்சை எடுக்கிற மாதிரியாம்." மூக்கைச் சிந்திக்கொண்டாள். "நீ வாயைத் தொறந்தே, நான் செத்தேன்."

எங்களிடம் ஒரு குணம் இருக்கிறது. பிறருக்காக உயிரைக் கொடு, உனக்காக வாயைத் திறக்காதே என்பது. சின்ன வயசிலேயே ஊட்டிவிடுவார்கள். வெளியூர்க்காரர்கள் கேட்டால் மெச்சுவார்கள். எனக்கோ சில நாள் அதைக் கல்லில் கட்டி ஆற்றில் எறிந்துவிடலாமா என்றிருக்கும்.

அவர் காலரைக் கழற்றிய ஞாயிறு முதல் ரோதுவாமிக்கு அவரைக் கூப்பிடப் பெயர் இல்லாமல் போயிற்று. பாஸ்டர் என்று சொல்ல வாய் வரவில்லை. வேறொன்று சொல்லிப் பழக்கமும் இல்லை. "கேட்டுச்சா", "சோறு ஆறுது" என்று சுவரைப் பார்த்துப் பேசினாள்.

எங்கள் பக்கத்தில் வேட்பாளர்கள் வீடு வீடாகப் போய்க் கும்பிட முடியாது. சபைகள் கூடி அமைத்த மன்றம் ஒரு மேடை போடும். எல்லாரும் ஏறி ஆளுக்குக் கொஞ்ச நேரம் பேசலாம். பள்ளி மைதானத்தில் மேடை போட்டார்கள். முதலில் ஸதிங்கா பேசினார். டவுன் காண்டிராக்டர், நல்ல பேச்சுக்காரர், சாலை, விளக்கு, ஆஸ்பத்திரி என்று அடுக்கினார். அடுத்தது சைகுங்கா. காலர் இல்லாத கழுத்தைத் தடவிக்கொண்டு நின்றார்.

"ஆத்துக்குப் பாலம் வேணும். அது உங்களுக்கே தெரியும்" என்றார். ஸதிங்கா பக்கம் திரும்பினார். "பூ ஸதிங்கா பேசினது நல்லா இருந்துச்சு. அவரால பெரிய எடத்துல பேச முடியும். யாரு ஜெயிச்சாலும் பாலத்தை மறந்துடாதீங்க." இறங்கி வந்து உட்கார்ந்துவிட்டார்.

கூட்டம் சிரித்தது. ஸதிங்காவே எழுந்து வந்து அவர் கையைக் குலுக்கினார். நான் தலையில் அடித்துக்கொண்டேன். ரோதுவாமி எல்லாரும் கேட்கும்படி, "ஓட்டுக் கேக்கப் போனவரு அடுத்தவருக்குக் கேட்டுட்டு வந்திருக்காரு. நானும் அவருக்கே போட்டுடறேன்" என்றாள்.

அதற்கப்புறம் ரங்கிமா கிளம்பினார். வேட்பாளர்தானே வீடு வீடாகப் போகக்கூடாது; மூப்பர் போகலாம். நோயாளி வீடு, சாவு வீடு, பக்கத்து வீடு என்று எல்லா வீட்டிலும் நுழைந்து ஒரே பேச்சு.

"நம்ம பாஸ்டர் ஜெயிச்சா ஐஸ்வால் போயிடுவாரு. அங்க போனவங்க யாரு திரும்பி வந்தா? தோத்தா மறுபடி காலரை மாட்டிக்கிட்டு நம்மகிட்டயே இருப்பாரு. நம்ம சாவுக்கு யாரு வரணும், சொல்லுங்க. அவரு மேல பாசம் இருந்தா அவருக்குப் போடாதீங்க."

ஊர் அழுதுகொண்டே ஒப்புக்கொண்டது. இப்படி ஒரு பைத்தியக்காரத்தனம் வேறெங்காவது நடக்குமா? வீட்டில் நான் பிடித்துக்கொண்டேன்.

"ரினா அப்பா, பாலம் யாருக்கு? அந்தக் கரையில கெடந்தது யாரு பிள்ளை?"

"அந்தக் கரையில அவன்கூட உக்காந்திருந்தவரை நான் எப்படி விடுவேன்?" என்று அழுதார். "பாலம் இன்னிக்கு இல்லேன்னா நாளைக்கு வரும். இந்த மாதிரி ஒரு பாஸ்டர் வருவாரா?"

எங்கள் பக்கத்தில் இதற்கு முன் எந்தப் போதகரும் காலரைக் கழற்றியதில்லை, அதனால் மூப்பருக்கே அந்தச் சட்டம் தெரியவில்லை. காலர் திரும்பி வராது என்று சொல்ல வாய் வரை வந்தது. ரோதுவாமிக்குக் கொடுத்த வார்த்தை தடுத்தது. தவிர, அவர் அழுத அழுகையில் நான் எதைச் சொன்னாலும் காதில் ஏறியிருக்காது.

ஓட்டுப் போடும் நாள் பள்ளிக்கூடத்தில் பெண்கள் வரிசையில் எனக்கு முன்னால் ரோதுவாமி நின்றாள். வெளியே வந்தவளை வாசலில் நின்ற கிழவிகள், "யாருக்குப் போட்டே?" என்று சீண்டினார்கள். "வேற யாருக்கு, ஸதிங்காவுக்குத்தான்" என்று அவள் சொல்ல, சைகுங்கா உட்படச் சுற்றி இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள்.

சைகுங்கா தோற்றார். அக்கம் பக்கத்து ஊர்களிலெல்லாம் நன்றாகவே விழுந்திருந்தது. பாங்கோன் ஓட்டு மட்டும் விழுந்திருந்தால் ஜெயித்திருப்பார். பாங்கோனில் அவருக்கு விழுந்தது இரண்டே இரண்டு ஓட்டு. அதில் ஒன்று நான் போட்டது. தன் பங்குக்கு ஒன்று அவர் போட்டுக்கொண்டிருப்பார் என்று நினைத்தேன்.

ஊர் திருவிழா மாதிரி காத்திருந்தது, அடுத்த ஞாயிறு அவர் மேடை ஏறுவார் என்று. ஏறவில்லை. சபையிலிருந்து பதில் மரியாதையாகத்தான் வந்தது, முடியாது என்று வந்தது. புதிய போதகர் அக்கரையிலுள்ள பெரிய ஊரில் தங்கினார். மழை இல்லாத மாதங்களில் வந்துபோவார். சைகுங்கா கோயிலில் ஆண்கள் பக்கம் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். ரங்கிமாவின் முகம் அன்றைக்குத் தொங்கியதுதான், பிறகு நிமிரவே இல்லை.

பட்டாளத்து ஓய்வூதியம் இருந்தது. சரிவில் இஞ்சி போட்டார். வாலிபர் சங்கத்தோடு போய்க் குழி வெட்டினார். பிரசங்கம் பண்ணி அடக்கம் செய்தவர் இப்போது மண்வெட்டியோடு குழிக்குள் நின்றார். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறாது. அவர் முகத்தில் ஒரு குறையும் தெரியாது. "இதுவும் நல்லாத்தான் இருக்கு, ரினா அம்மா. பேச வேண்டியதில்ல பாருங்க" என்பார். ஸதிங்கா பாலத்துக்கு முயன்றார், அது ஏதோ ஒரு மேசையில் நின்றது. வருஷங்கள் ஓடின. டோலிகள் போயின. சில திரும்பி வந்தன.

ஓர் ஆவணி மழையில் ரோதுவாமிக்கு வயிற்றில் வலி எடுத்தது. முதலில் ஓமம் கொடுத்தோம். மறுநாள் காய்ச்சல் ஏறி, வயிறு பலகையாகிவிட்டது. டோலி கட்டினார்கள். முன் முனை சைகுங்காவின் தோளில். அறுபது தாண்டியவர், யார் கேட்டும் தரவில்லை. பின் முனையில் ரங்கிமா. நான் குடை பிடித்துக்கொண்டு கூடவே ஓடினேன்.

ஆறு அன்றைக்கும் அப்படித்தான் இருந்தது. வாலிபர்கள் தெப்பம் விட்டுப் பார்த்தார்கள். இரண்டு முறையும் தண்ணீர் தெப்பத்தைத் திருப்பி அடித்தது. மூன்றாம் முறை கயிறு அறுந்தது. அக்கரையில் வண்டி நின்றுகொண்டிருந்தது. கண்ணுக்குத் தெரிகிற தூரம்.

டோலியை இறக்கித் தார்ப்பாய் கட்டினோம். ரோதுவாமி கண்ணைத் திறந்து எதிர்க்கரையைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"ரினா அங்கதானே கெடந்தான்?"

தலையாட்டினேன்.

"பாஸ்டர்" என்று கூப்பிட்டாள். அத்தனை வருஷம் கழித்து அந்த வார்த்தை. அவர் ஓடிவந்து மண்டியிட்டார். "அந்தப் பக்கம் நின்னு என்ன பாடினீங்கன்னு ஒருத்தருக்கும் கேக்கல. இப்பக் கிட்டத்துல இருந்து பாடுங்க. சுருதி சேருதான்னு பாப்போம்."

பாடினார். சுருதி சேரவில்லை. அவள் சிரிக்கப் பார்த்தாள். அந்தப் பாட்டு முடிவதற்குள் போய்விட்டாள்.

போதகர் ஆற்றைத் தாண்டி வர முடியவில்லை. அபிஷேகம் பெற்றவர் என்று இந்தப் பக்கம் யாரும் இல்லை. ரங்கிமாதான் மூப்பர் என்கிற முறையில் அடக்கம் செய்து வைத்தார். புருஷன் குழியோரத்தில் மண்வெட்டியோடு நின்றார்.

சாவு வீட்டில் வழக்கப்படி ஊர் கூடியது. அரிசியும் விறகும் வந்து குவிந்தன. வெல்லத்தைக் கடித்துக்கொண்டு தேநீர் குடித்தார்கள், பாடினார்கள். ரங்கிமா முரசடித்துக்கொண்டிருந்தார். திடீரென்று அடியை நிறுத்தினார்.

"பாஸ்டர், அந்த எலக்சன்ல உங்களைத் தோக்கடிச்சது நான்தான். வீடு வீடாப் போயி உங்களுக்குப் போடாதீங்கன்னு சொன்னேன். நீங்க எங்களை விட்டுப் போயிடக் கூடாதுன்னு. அன்னிக்கே நீங்க ஜெயிச்சிருந்தா பாலம் வந்திருக்கும். ரோதுவாமி இருந்திருப்பா." முரசின் மேல் கவிழ்ந்து குலுங்கினார்.

அத்தனை பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"தெரியும், ரினா அப்பா" என்றார் சைகுங்கா. "எண்ணின அன்னிக்கே தெரியும். எம்மேல கோவமா இருந்தா பாதிப் பேராவது எனக்குப் போட்டிருப்பாங்க. ஊரே ஒண்ணா ஒதுக்கிச்சுன்னா அது கோவமில்ல. அழாதீங்க."

எனக்குத்தான் பொறுக்கவில்லை. துக்கத்திலும் என் வாய் சும்மா இருக்காது.

"இந்த ஊர்ல மூளை இருந்தது ரெண்டே பேருக்குத்தான். அந்த ரெண்டு ஓட்டுல ஒண்ணு நான் போட்டேன், இன்னொண்ணு நீங்க போட்டுக்கிட்டீங்க."

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"நான் போடலியே" என்றார்.

"என்ன சொல்றீங்க?"

"எம்பேருக்கு நேரா நானே விரலை வெச்சு அமுக்க எனக்குக் கூச்சமா இருந்துச்சு. ஸதிங்காவுக்குத்தான் போட்டேன்."

என் கையிலிருந்த தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தேன். ஊரில் மற்ற எல்லாரும் ஸதிங்காவுக்குப் போட்டதாகத் தங்கள் வாயாலேயே ரங்கிமாவிடம் சொன்னவர்கள். மிச்சம் இருந்தது ஒருத்திதான். அவருக்கும் அது அப்போதுதான் உறைத்தது. பெண்கள் பக்கம் அவள் வழக்கமாக உட்காரும் இடத்தைப் பார்த்தார்.

"அவ ஸதிங்காவுக்குப் போட்டேன்னு சொன்னாளே" என்றார் மெதுவாக. "நாங்க ரெண்டு பேருமே அவருக்குத்தான் போட்டோம்னு இத்தனை வருஷமும் உள்ளுக்குள்ள சிரிச்சுக்கிட்டிருந்தேன். அவகிட்ட ஒருநாள் சொல்லிச் சிரிக்கணும்னு இருந்தேன்."

எத்தனையோ பையன்களைப் பனியில் புதைத்தபோது அழாதவர், மனைவியைக் குழியில் இறக்கியபோது அழாதவர், அன்றைக்குத்தான் அழுதார். குழந்தை மாதிரி வாய்விட்டு அழுதார். ஒருவரும் பக்கத்தில் போகவில்லை. வெகுநேரம் கழித்து என்னைக் கூப்பிட்டார்.

"ரினா அம்மா, அன்னிக்கு வரிசையில அவ உங்களுக்கு முன்னாடிதானே நின்னா?"

"ஆமா."

"உள்ளே போயிட்டு வெளிய வரும்போது எப்படி இருந்தா?"

யோசித்துப் பார்த்தேன். மறந்திருக்கவில்லை.

"விரல்ல வெச்ச மை காயட்டும்னு ஊதிக்கிட்டே வந்தா. உங்களைப் பாத்ததும் கையைப் பின்னால மறைச்சுக்கிட்டா."

அதையே இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னேன்.